போஸ்ட்டாக்கைத் தேர்ந்தெடுத்த பிறகு விசாவை யோசிக்கலாமா?

கேள்வி: வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். போன வருடம் மே மாதம் ஒருவருக்குப் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) ஆஃபர் கொடுத்தேன். ஆகஸ்டில் சேர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அக்டோபர் ஆகியும் எச்-1பி வேலை விசா முடியாததால் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இப்போது பிப்ரவரி. வரும் ஆகஸ்ட் 15-க்கு மறுபடி ஆள் தேடுகிறேன், விளம்பரம் இன்னும் போகவில்லை. விண்ணப்பிக்கப்போவதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இங்கேயே வேறு மாநிலத்தில் ஸ்டெம் ஓபிடியில் (அறிவியல், பொறியியல் மாணவர்கள் படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதி) இருக்கிறார், அது ஜூலை 31-ல் முடிகிறது. இன்னொருவர் இந்தியர், ஜெர்மனியில் பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். எதை எப்போது தொடங்குவது? ஜே-1 என்ற பரிமாற்ற விசா நல்லதா, எச்-1பி நல்லதா? நேர்காணலில் விசா பற்றிக் கேட்கலாமா? செலவு யாருடையது? எங்கள் துறையின் புதிய உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவிலும் இருக்கிறேன். அங்கேயும் இதே கணக்குதானா?

பதில்: வணக்கம். விளம்பரம் இன்னும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் பணியாளர்களின் விசா வேலையைப் பார்க்கும் என் போன்றவர்களிடம் கோப்பு வந்து சேரும்போது பெரும்பாலும் ஆஃபர் லெட்டரில் கையெழுத்தாகியிருக்கும். அதற்குள் சம்பளம், தகுதி, பதவிக் காலம், சேரும் தேதி நான்கும் உறைந்து போயிருக்கும். எந்த விசா, எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிப்பவையே இந்த நான்கும்தான். இவற்றை எழுதும் நாளில்தான் விசா வேலை தொடங்குகிறது. விளம்பர வரைவை எச்.ஆருக்கு அனுப்பும் முன், உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

முதலில் சம்பளம், ஏனென்றால் அங்கேதான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். எச்-1பி மனுவுக்கு முன்னால் தொழிலாளர் துறையில் எல்சிஏ என்ற ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தத் தொழிலுக்கு அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளம், உங்கள் பல்கலைக்கழகத்தில் அதே வேலையை அதே தகுதியோடு செய்பவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், இந்த இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுத்தாக வேண்டும். நிலவும் சம்பளத்தில் நான்கு நிலைகள் உண்டு. அந்தத் தொழிலுக்கு வழக்கமாகத் தேவைப்படுவதைவிட அதிகப் படிப்போ அனுபவமோ கேட்டால் நிலை ஏறும், சம்பளமும் கூடவே ஏறும். 'பிஎச்டிக்குப் பின் 2 வருட அனுபவம் கட்டாயம்' என்று விளம்பரத்தில் கம்பீரத்துக்காக ஒரு வரி சேர்க்கிறோம் பாருங்கள், அந்த ஒரு வரிக்காக உங்கள் கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) தாங்காத தொகை வந்து நிற்கலாம். உண்மையில் தேவையில்லை என்றால் 'இருந்தால் நல்லது' என்ற பட்டியலில் போடுங்கள்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் புதிய போஸ்ட்டாக்குகளுக்கு 2025 நிதியாண்டில் வைத்த தொடக்க உதவித்தொகை 62,232 டாலர். பலர் அதையே பட்ஜெட்டில் எழுதிவிட்டு, கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எல்சிஏ கேட்கும் தொகை அதற்குக் கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். அது தொழில் பிரிவையும் வட்டாரத்தையும் பொறுத்தது. பல்கலைக்கழகங்களுக்கென்று தனிச் சம்பளப் பட்டியல் உண்டு, அது தனியார் நிறுவனங்களுக்கானதைவிடப் பெரும்பாலும் குறைவு. அந்தத் தொகையைச் சர்வதேச அலுவலகம் ஒரே நாளில் பார்த்துச் சொல்லிவிடும். பட்ஜெட் எழுதும்போதே கேட்டுவிட்டால் பின்னால் கிராண்ட் அதிகாரியிடம் கெஞ்ச வேண்டியிருக்காது.

இனி காலம். பல்கலைக்கழகங்கள் எச்-1பி குலுக்கலுக்குள் வருவதில்லை. வருடத்துக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000 என்ற உச்சவரம்பு நமக்குக் கிடையாது. வருடத்தில் எந்த நாளிலும் மனுப் போடலாம். இந்தச் சலுகையே பலரை மெத்தனமாக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். மார்ச் மாதக் கெடு என்று ஒன்று தலைமேல் தொங்கும் நிறுவனங்கள் அதற்கு முன்பே தயாராகிவிடுகின்றன. நமக்குக் கெடு இல்லை, அதனால் மே மாதம் வந்துவிடுகிறது.

வேலை தொடங்கும் தேதிக்கு அதிகபட்சம் 6 மாதம் முன்பிலிருந்து எச்-1பிக்கான ஐ-129 மனுவைத் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் எல்சிஏ, அதற்குத் தொழிலாளர் துறை 7 வேலை நாள் எடுக்கும். வேலை நடக்கும் இடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். இவற்றுக்கும் முன்னால் துறைத் தலைவர் கையெழுத்து, டீன் கையெழுத்து, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் படிவம். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தை அந்த வெளிநாட்டவருக்குக் காட்ட உரிமம் தேவையா இல்லையா என்று ஐ-129-ல் பல்கலைக்கழகம் உறுதிமொழி கொடுக்கிறது. வேதிப் பொறியியலில் சில உபகரணங்களும் சேர்மங்களும் அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் உங்களிடம் கேள்வி வரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

மனு உள்ளே போன பிறகு சாதாரண வழியில் மாதக்கணக்கில் ஆகலாம். விரைவுப் பரிசீலனைக்கான பிரீமியம் பிராசஸிங் கட்டினால் 15 வேலை நாளில் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் ஏதாவது ஒரு பதில் சொல்லும். ஏதாவது ஒரு பதில் என்றால், 'இன்னும் ஆவணம் அனுப்பு' என்பதும் பதில்தான். அதற்கான கட்டணம் 2,800 டாலருக்கு மேல். என் அனுபவத்தில் எச்-1பிக்கு 6 மாதமும், வெளிநாட்டிலிருந்து வரும் ஜே-1-க்கு 4 மாதமும் கையில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

சரி, உங்கள் இரண்டு பேருக்கு வருவோம்.

முதலாமவர் இங்கேயே இருப்பதால் சுலபம் என்று தோன்றும். சுலபம்தான், ஆனால் ஜூலை 31 என்ற தேதி அசையாது. ஓபிடி முடிந்து எச்-1பி தொடங்கும்வரை இடைவெளியில் வேலை செய்ய அனுமதிக்கும் 'கேப்-கேப்' என்ற ஏற்பாடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உச்சவரம்புக்குள் வரும் மனுக்களுக்கு மட்டும். குலுக்கல் இல்லாத நமக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஓபிடி முடிந்தபின் 60 நாள் இங்கே இருக்கலாம், வேலை செய்ய முடியாது. ஆகவே அவரைத் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 1 தொடக்கத் தேதியுடன் ஏப்ரலுக்குள் மனு உள்ளே போவது நல்லது. அதற்கு முன்னதாகவே, மே மாதத்திலேயே அவர் உங்களிடம் வர ஆசைப்பட்டால் மிச்சமிருக்கும் ஸ்டெம் ஓபிடியில் சேரலாம். அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

இவர் விஷயத்தில் இன்னொரு பெரிய எச்சரிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 19-ல் வந்த அதிபர் பிரகடனம், செப்டம்பர் 21-க்குப் பின் தாக்கலாகும் புதிய எச்-1பி மனுக்களில், ஆள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் 1,00,000 டாலர் கட்டச் சொன்னது. பல்கலைக்கழகங்களுக்கு அதில் தனி விலக்கு கொடுக்கவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து எஃப்-1 மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அந்தத் தொகை இல்லை என்று அக்டோபர் 20-ல் யுஎஸ்சிஐஎஸ் தெளிவுபடுத்தியது. ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போது அவர் நாட்டைவிட்டு வெளியே போனால், நிலை மாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாக அர்த்தம். அப்புறம் அவர் வெளியே இருப்பவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஏப்ரல், மே மாதங்களில் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்வர நினைக்கும் பையனுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிரீமியம் கட்டி, ஒப்புதல் வந்தபின் பயணம் என்று வைத்துக்கொள்வது உத்தமம். ஒப்புதலுக்குப் பின் போய் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் செய்துகொண்டு திரும்புபவருக்கு இந்தத் தொகை இல்லை.

அந்தப் பிரகடனம் 12 மாதத்துக்கு என்று எழுதப்பட்டது, நீட்டிக்கவும் அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். மாநில அளவிலும் தடைகள் வருகின்றன. டெக்சஸ் ஆளுநர் 2026 ஜனவரியில் அரசுப் பல்கலைக்கழகங்களின் புதிய எச்-1பி மனுக்களை 2027 மே 31 வரை நிறுத்திவைத்தார். எனவே விளம்பரம் போகும் நாளில் ஒருமுறை, ஆஃபர் போகும் நாளில் ஒருமுறை, மனு போகும் நாளில் ஒருமுறை நிலவரத்தைச் சர்வதேச அலுவலகத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஜெர்மனியில் இருப்பவருக்கு என் பதில் தயக்கமில்லாமல் ஜே-1. அதற்கான டிஎஸ்-2019 படிவத்தைப் பல்கலைக்கழகமே கொடுக்கிறது. தொழிலாளர் துறையும் இல்லை, யுஎஸ்சிஐஎஸ் மனுவும் இல்லை, அந்த ஒரு லட்சமும் இல்லை. ஆராய்ச்சி அறிஞர் பிரிவில் 5 வருடம் வரை இருக்கலாம். திருமணமானவராக இருந்தால் ஜே-2-ல் வரும் துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பிகாரரின் துணைவராக எச்-4-ல் வருபவருக்கு அந்த வழி திறக்க, பொதுவாக எச்-1பிகாரரின் கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஒப்புதலாகும்வரை காத்திருக்க வேண்டும். குடும்பத்தோடு வருபவர்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவெடுப்பதே சில நேரம் இதை வைத்துத்தான்.

ஜே-1 என்றதும் 'இரண்டு வருடம் ஊருக்குப் போய் இருக்க வேண்டுமே' என்று இந்தியர்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான், ஆனால் பழைய பயம். திறன் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அந்தப் பட்டியலில் உள்ள துறையைச் சேர்ந்த இந்தியர்கள் அந்த நிபந்தனைக்கு உட்பட்டார்கள். 2024 டிசம்பர் 9-ல் வெளியான புதிய பட்டியலில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். இப்போது அவருக்கு அந்த நிபந்தனை வரவேண்டும் என்றால் பெரும்பாலும் அரசுப் பணம்தான் காரணமாக இருக்கும். இந்திய அரசின் உதவித்தொகை, ஃபுல்பிரைட் போன்றவை அந்த வகை. உங்கள் கிராண்ட்டிலிருந்து சம்பளம் கொடுப்பதால் மட்டும் பொதுவாக அது வராது. ஆனாலும் 'ஏதாவது அரசு உதவித்தொகையோடு வருகிறீர்களா' என்று ஆஃபர் ஏற்ற உடனே அலுவலகம் கேட்டுவிட வேண்டும். நிபந்தனை ஒட்டிக்கொண்டால், அதை நிறைவேற்றும்வரை அல்லது விலக்கு வாங்கும்வரை எச்-1பியும் கிரீன் கார்டும் கிடையாது. நிபந்தனை இல்லையென்றால், பின்னாளில் இங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறும் வழி அவருக்கு உண்டு.

ஜே-1-ல் இன்னொரு மறைமுகமான பள்ளம்: ஆராய்ச்சி அறிஞராக வந்து அந்தத் திட்டம் முடிந்துவிட்டால், அடுத்த 24 மாதம் அதே பிரிவில் திரும்ப வர முடியாது. ஒரு வருடம்தான் இருந்தார் என்றாலும் அதே விதி. 'முதலில் ஆறு மாதம் வந்து பார்க்கட்டும்' என்று நீங்கள் யோசித்தால், அவரை எந்தப் பிரிவில் வரவழைப்பது என்பதை அலுவலகத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜெர்மனிக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. அங்கே வாய்மொழித் தேர்வு முடிந்ததும் டாக்டர் ஆகிவிட முடியாது. ஆய்வேட்டைப் பதிப்பித்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பட்டம். இடையில் பல மாதம் ஓடலாம். உங்கள் விளம்பரம் 'சேரும் நாளில் பிஎச்டி பட்டம் பெற்றிருக்க வேண்டும்' என்று சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார். 'பட்டத்துக்கான எல்லாத் தேவைகளையும் முடித்திருக்க வேண்டும்' என்று எழுதினால், பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு நகர முடியும். அவருடைய ஜெர்மன் குடியிருப்பு அனுமதி எப்போது முடிகிறது என்பதையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசா நேர்காணல் என்று 2025 செப்டம்பரில் வெளியுறவுத் துறை கறாராகச் சொல்லியிருக்கிறது. அனுமதி முடிந்துவிட்டால் இந்தியாவில்தான் வரிசையில் நிற்க வேண்டும், அங்கே வரிசை நீளம். டிஎஸ்-2019-க்கான விண்ணப்பம் ஏப்ரலில் போனால் ஆகஸ்ட் 15 நடக்கக்கூடியது. அப்படியும் ஆஃபர் லெட்டரில் 'ஆகஸ்ட் 15 அல்லது வேலை அனுமதி கிடைக்கும் நாள், எது பின்னோ அது' என்று போடுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்கலாம்? இரண்டு கேள்விகள், அதுவும் விண்ணப்பப் படிவத்தில், எல்லோரிடமும் ஒரே மாதிரி. அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா? இப்போதோ பின்னாளிலோ ஸ்பான்சர் தேவைப்படுமா? அவ்வளவுதான். எந்த நாடு, கிரீன் கார்டு வைத்திருக்கிறாரா, மனைவி என்ன விசா என்பதெல்லாம் நேர்காணல் மேசைக்கு வரக்கூடாது. நம்மூர்க்காரர் என்றதும் உரிமையோடு 'என்ன தம்பி, ஓபிடி எப்ப முடியுது?' என்று காபி குடிக்கும்போது கேட்டுவிடுவோம். அந்த இரு விண்ணப்பதாரர்கள் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் இன்னும் கவனம் தேவை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற மதிப்பீட்டில் அந்தத் தகவல் கலக்கக்கூடாது. ஆஃபர் கொடுத்தபின் விவரங்களைச் சர்வதேச அலுவலகம் வாங்கிக்கொள்ளட்டும்.

செலவு: எச்-1பி மனுக் கட்டணம், 500 டாலர் மோசடித் தடுப்புக் கட்டணம், வழக்கறிஞர் வைத்தால் அவருடைய கட்டணம், எல்லாம் பல்கலைக்கழகத்தினுடையது. ஆளிடமிருந்து வாங்கக்கூடாது, சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. தனியார் நிறுவனங்கள் கட்டும் பயிற்சிக் கட்டணம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு இல்லை. பதவிக் காலம் முடியும் முன் நீங்கள் அவரை வேலையிலிருந்து நீக்கினால் ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவும் பல்கலைக்கழகம் தர வேண்டும், இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஜே-1-ல் 220 டாலர் செவிஸ் (அரசின் பதிவு முறை) கட்டணத்தையும் விசாக் கட்டணத்தையும் அவரே கட்டலாம், நீங்கள் கட்டினாலும் தப்பில்லை. எந்தக் கணக்கிலிருந்து எதைக் கட்டலாம் என்பதைக் கிராண்ட் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் தேர்வு வேறு கணக்கு. நிரந்தரப் பணிக்கு வழிவிடும் டெனூர்-டிராக் பதவிக்கு ஜே-1 பொருந்தாது, எச்-1பிதான் வழக்கமான வழி. கனடாக்காரருக்கு டிஎன், ஆஸ்திரேலியருக்கு இ-3 என்று குறுக்கு வழிகளும் உண்டு. ஆனால் குழுவில் இருக்கும் உங்கள் கையில் உள்ள முக்கியமான விஷயம் கிரீன் கார்டு. கல்லூரி ஆசிரியர்களுக்குத் தொழிலாளர் துறை தனி வழி வைத்திருக்கிறது. கிரீன் கார்டுக்கு முதல் படியான சாதாரண 'பெர்ம்' விண்ணப்பத்தில் குறைந்தபட்சத் தகுதியுள்ள ஓர் அமெரிக்கர் விண்ணப்பித்திருந்தாலே கதை முடிந்தது. ஆசிரியப் பதவியில், நீங்கள் தேர்ந்தெடுத்தவர்தான் இருந்தவர்களில் அதிகத் தகுதி வாய்ந்தவர் என்று காட்டினால் போதும். வகுப்பே எடுக்காத ஆராய்ச்சிப் பதவிகளுக்கு இது கிடையாது.

இந்தச் சலுகைக்கு ஆயுள் 18 மாதம். தேர்வு செய்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பம் தாக்கலாகாவிட்டால் மறுபடி விளம்பரம், மறுபடி தேர்வு. ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சக பேராசிரியரை மறுபடி நேர்காணலில் உட்கார வைக்கும் சங்கடம் யாருக்கும் வேண்டாம். சம்பள நிர்ணயத்துக்கே தொழிலாளர் துறை பல மாதம் எடுப்பதால், அவர் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இந்தியாவில் பிறந்தவர் என்றால் அவசரம் இரட்டிப்பு. இபி-2 என்ற கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்தாண்டைத் தாண்டிய காத்திருப்பு. அந்த வரிசையில் இடம் பிடிப்பது பெர்ம் தாக்கலான தேதியை வைத்துத்தான். எச்-1பியின் மொத்த ஆயுள் 6 வருடம். அதைத் தாண்டி நீட்டிக்க ஒரு வழி, ஆறாம் வருடம் முடிவதற்கு 365 நாள் முன்பே பெர்மோ ஐ-140-ஓ தாக்கலாகியிருப்பது. போஸ்ட்டாக்காக ஏற்கெனவே 3 வருடம் எச்-1பியில் கழித்தவரை நீங்கள் எடுத்தால் அவரிடம் மிச்சம் இருப்பது மூன்றே வருடம்.

இதற்கெல்லாம் அடிப்படை, இப்போது உங்கள் குழு போடப்போகும் விளம்பரம். தேசிய அளவில் வெளியாகும் ஒரு தொழில்முறை இதழிலாவது அது வந்திருக்க வேண்டும். பதவியின் பெயர், பணி, தகுதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். இணையப் பதிப்பு என்றால் குறைந்தது 30 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று தெரியாதபோதே இதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் பிறகு பின்தேதியிட்டுச் செய்ய முடியாது. விளம்பரம் வெளியான முதல் நாளும் முப்பது நாள் கடந்த பின்னும் தேதியும் முகவரியும் தெரியும்படி பக்கத்தை அச்செடுத்து வைக்கத் துறை அலுவலகத்தில் ஒருவரிடம் பொறுப்பு கொடுங்கள். மற்ற விண்ணப்பதாரர்களை ஏன் எடுக்கவில்லை என்ற குழுவின் குறிப்புகளையும் தேர்வு முடிந்த வாரமே எழுதி வாங்கி அதே கோப்பில் போடச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் குழுவில் யாருக்கும் நினைவிருக்காது.